விலைக்குறைப்பும் விற்பனையும்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் பொழுதுபோக்குக் கருவிகளின் வரலாறு (1977–2022)

ஒரு பண்டத்தின் விலை குறையுமாயின் அதற்கான கேள்வி கூடும் என்பது, பொருளியல் பயிலப் புகும் மாணவன் முதன்முதலாகக் கற்கும் விதிகளுள் ஒன்றாகும். ஏனைய காரணிகள் மாறாதிருக்குமிடத்து என்னும் நிபந்தனையும் இவ்விதியோடு சேர்த்தே சொல்லப்படுகின்றது. விதியை மனத்திருத்தும் நாம் நிபந்தனையை எளிதில் மறந்துவிடுகின்றோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றை நோக்குமிடத்து, அவ்வேனைய காரணிகள் மாறாதிருந்த காலம் மிக அரிதென்பது புலனாகும். போக்குவரத்துப் பாதை, மின்சாரம், இறக்குமதிக் கொள்கை, நாணயத்தின் பெறுமதி, வாங்குவோரின் வருமானம் ஆகிய அனைத்தும் அங்கு ஒரே தலைமுறைக்குள் பன்முறை தலைகீழாயின. எனவே, விலைக்கும் விற்பனைக்குமுள்ள தொடர்பை ஆராய விரும்புவோருக்குக் குடாநாடு சிறந்ததொரு களமாக அமைகின்றது. வானொலி, தொலைக்காட்சி, ஒளிநாடாக் கருவி, வீடியோ விளையாட்டுப் பெட்டி முதலிய பொழுதுபோக்குக் கருவிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அத்தொடர்பை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலைக்குறைப்பின் விளைவைத் தெளிவாகக் காட்டும் பண்டங்களுள் வீடியோ விளையாட்டுப் பெட்டி தலையாயது. ஏனெனில், ஒரே பெட்டி பல ஆண்டுகளுக்கு மாற்றமின்றி விற்கப்பட, அதன் விலை மட்டும் படிப்படியாகக் குறைக்கப்படுவது அத்தொழிலின் வழமையாக இருந்து வந்தது. 1993ஆம் ஆண்டில் ஏறத்தாழ 700 டொலர் விலையில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த திரீடிஓ என்னும் பெட்டி, அடுத்த ஆண்டிலேயே விலை குறைக்கப்பட்டபோதிலும் நிலைபெறவில்லை. 1995ஆம் ஆண்டு மே மாதத்தில் சேகா நிறுவனம் தனது சாட்டர்ன் பெட்டியை 399 டொலருக்கு வெளியிட, சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேசனுக்கு 299 டொலரே விலையென அறிவித்தது. மறு ஆண்டு மே மாதத்தில் அவ்விலை 199 டொலராகக் குறைக்கப்பட்டது. காலப்போக்கில் உலகெங்கும் 10 கோடிக்கு மேற்பட்ட பிளேஸ்டேசன்கள் விற்பனையாயின.

இவ்வெற்றியை மட்டும் கண்டு, விலையைக் குறைத்தால் விற்பனை பெருகும் என முடிபு கட்டுதல் பொருந்தாது. அதே சேகா நிறுவனம் 1999ஆம் ஆண்டில் 199 டொலருக்கு அமெரிக்காவில் வெளியிட்ட டிரீம்காஸ்ட் என்னும் பெட்டியின் விலையை மறு ஆண்டில் 149 டொலராகக் குறைத்தது. ஆயினும் 2001ஆம் ஆண்டு சனவரியில் அதன் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவிக்க நேர்ந்தது. சோனியின் இரண்டாவது பெட்டி சந்தைக்கு வரவிருந்தமையாலும், அதற்கான விளையாட்டுகள் பல வருமென மக்கள் எதிர்பார்த்தமையாலும், குறைந்த விலையும் சேகாவைக் காப்பாற்றவில்லை. 2011ஆம் ஆண்டில் நின்டெண்டோ நிறுவனத்தின் அனுபவம் இதற்கு மாறானதாகும். அந்நிறுவனம் பெப்ரவரியில் யப்பானில் 25,000 யென்னுக்கு வெளியிட்ட திரீடிஎஸ் என்னும் கையடக்கக் கருவி எதிர்பார்த்தவாறு விலைபோகவில்லை. ஆறு மாதம் முடிவதற்குள், ஓகஸ்டில், விலை 15,000 யென்னாகக் குறைக்கப்பட்டது. ஆண்டிறுதியில் மாரியோ விளையாட்டுகள் இரண்டும் வந்து சேர, கருவி மீட்சி பெற்று ஈற்றில் 7 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று.

இவற்றிலிருந்து பெறப்படும் பாடம் யாது? பெட்டி தனித்து நுகரப்படும் பண்டமன்று. விளையாட்டு வட்டுக்களும், தொலைக்காட்சிப் பெட்டியும், தடையற்ற மின்சாரமும் அதற்கு உடன்வேண்டும் குறைநிரப்புப் பண்டங்களாகும். பெட்டியைக் குறைந்த இலாபத்துக்கோ நட்டத்துக்கோ விற்று, விளையாட்டுகளின் வழியே இலாபமீட்டும் வணிகமுறை தோன்றியதும் இதனாலேயே. வாங்குபவர் கொடுக்கும் உண்மை விலை பெட்டியின் மேல் ஒட்டப்பட்ட விலையோடு முடிவதில்லை. குடாநாட்டை நோக்குமிடத்து இவ்வுண்மை விலையை மூன்று கூறுகளாகப் பிரித்துக் கொள்ளலாம். கருவியை ஆக்கியோன் குறிக்கும் விலை ஒன்று; அது வந்து சேரும் வழியின் விலை மற்றொன்று; வாங்கிய பின் அதனை இயக்குவதற்கான விலை மூன்றாவது. முதலாவது விலை பெரும்பாலும் யப்பானில் தீர்மானிக்கப்பட்டது. மற்றை இரண்டும் போரினாலும் அரசியலினாலும் தீர்மானிக்கப்பட்டன.

1970 முதல் 1977 வரை ஆட்சி புரிந்த அரசாங்கம் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை அதற்குக் காரணமாயிற்று. வெளிநாட்டு வானொலிப் பெட்டியும் ஒலிப்பதிவுக் கருவியும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. அதே கட்டுப்பாடு வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் தடுத்தமையால், யாழ்ப்பாண விவசாயி தன் விளைபொருளுக்கு முன்னெப்போதும் கண்டிராத விலையைப் பெற்றான். குடாநாட்டின் செம்மண்ணில் கிணற்று நீரை இறைத்துத் தோட்டஞ் செய்தோர் செழித்தனர். விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் அமைந்த குடியேற்றத் திட்டங்களில் படித்த இளைஞரும் மிளகாய்ச் செய்கையில் இறங்கினர். சுருங்கக் கூறின், அக்காலத்தில் தோட்டக்காரன் கையில் பணமிருந்தது. கடையில் கருவி இருக்கவில்லை.

1977ஆம் ஆண்டு யூலையில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பரில் நிதியமைச்சர் ரொனி டி மெல் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைப் பெருமளவில் நீக்கியது. நாணயமாற்று வீதம் ஒருமைப்படுத்தப்பட்டு, ஒரு டொலரின் பெறுமதி ஏறக்குறைய 16 ரூபாவாயிற்று. ஈண்டு ஒரு முரண் கவனிக்கற்பாலது. ரூபாவின் மதிப்பிறக்கத்தினால் வெளிநாட்டுப் பொருளின் ரூபா விலை உயர்ந்திருத்தல் வேண்டும். விதியின்படி விற்பனை குறைந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. யப்பானிய வானொலிப் பெட்டிகளும் ஒலிநாடாக் கருவிகளும் கடைகளை நிரப்பின, வாங்குவோரும் பெருகினர். கடையில் இல்லாத பொருளுக்கு விலை என ஒன்றில்லை. அல்லது, அதன் விலை எல்லையற்றது எனலாம். அடைத்த கதவு திறக்கப்படுதலே விலைக்குறைப்புக்களுள் மிகப் பெரியது என்பதை 1977ஆம் ஆண்டு உணர்த்தியது.

ஆயின், திறந்த கதவு இரு பக்கமும் வீசியது. வானொலிப் பெட்டி வந்த அதே வழியால் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்தன. விளைபொருள்களின் விலை வீழ்ந்தது. கருவியை வாங்கத்தக்க வருமானத்தைத் தோட்டக்காரனுக்கு ஈட்டிக் கொடுத்த பயிர், கருவியைக் கடைக்குக் கொணர்ந்த கொள்கையினாலேயே நலிவுற்றது. விலை குறையும்போது வாங்குபவனின் வருமானம் மாறாதிருக்கும் என்ற பாடநூல் எடுகோள் இங்குப் பொய்த்தது. மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கச் சென்றோரும், 1983ஆம் ஆண்டு யூலை வன்செயலின் பின் மேற்கு நாடுகளுக்குப் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்தோரும் அனுப்பிய பணம் அவ்விடத்தை நிரப்பத் தொடங்கியது. அதன் பின்னர் குடாநாட்டில் ஒரு கருவியின் விற்பனையை அறிய விரும்புவோர், அவ்வூரின் வருமானத்தோடு இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ ஆகிய நகரங்களில் உழைப்போரின் வருமானத்தையும் கணக்கிற் கொள்ளல் வேண்டியதாயிற்று.

இலங்கையில் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டிலும், அரச ரூபவாஹினி சேவை 1982ஆம் ஆண்டிலும் தொடங்கின. கொக்காவிலில் எழுந்த கோபுரம் வடக்கிற்கு ஒளிபரப்பைக் கொண்டு வந்தது. குடாநாட்டு வீடுகள் மற்றொரு திசையையும் நோக்கின. தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த தூரதர்சன் ஒளிபரப்பைப் பற்றிப் பிடிக்க உயர்ந்த அன்ரனாக்கள் கூரைகளின் மேல் எழுந்தன. தமிழ்த் திரைப்பட ஒளிநாடாக்கள் பரவியமையால், மக்கள் டெக் என வழங்கிய ஒளிநாடாக் கருவியும் பெருமதிப்புப் பெற்றது. தனியே வாங்க இயலாதோர் வாடகைக்கு எடுத்துக் கூட்டாகப் பார்த்தனர். மினி சினிமா என வழங்கிய சிறு கொட்டகைகளில் கட்டணஞ் செலுத்தியோர் வேறு பலர். விற்பனைக் கணக்கு இவர்களை ஒருபோதும் காட்டாது. ஒரு கருவி விற்பனையான இடத்தில் ஐம்பது பேர் அதனை நுகர்ந்தனர். விலை உயர்ந்திருக்குங் காலத்தில் உடைமை குறைகின்றது. நுகர்வு அதே அளவிற் குறைவதில்லை.

இரு நாட்டு இறக்குமதிக் கொள்கைகளின் வேற்றுமை எத்தகைய விற்பனையை உண்டாக்க வல்லது என்பதற்கு 1987 முதல் 1990 வரை குடாநாட்டில் நிலைகொண்டிருந்த இந்தியப் படையினர் சான்றாவர். அக்காலத்தில் இந்தியா வெளிநாட்டு மின்னியற் பொருள்களுக்குக் கடும் கட்டுப்பாடும் உயர் தீர்வையும் விதித்திருந்தது. இலங்கையோ பத்தாண்டுகளுக்கு முன்னரே கதவைத் திறந்துவிட்டது. யப்பானியத் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் ஒலிநாடாக் கருவிகளையும் படையினர் குடாநாட்டில் வாங்கித் தம் ஊர்களுக்கு எடுத்துச் சென்றனர். ஆக்கியோன் விலையைக் குறைத்தானல்லன்; வாங்கியோர் எல்லை கடந்து வந்தமையே அவர்களுக்கு விலைக்குறைப்பாயிற்று. போரின் நடுவிலும் சந்தை தன் வேலையைச் செய்தது என்பது சிந்தனைக்குரியது.

1990ஆம் ஆண்டு யூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருள், மின்கலம், சவர்க்காரம் முதலிய பலவும் தடைப்பட்டியலில் இடம்பெற்றன. 1991ஆம் ஆண்டுப் போரின் பின் ஆனையிறவு வழி அடைபட, மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகேறிக் கடந்தனர். அக்கடப்பில் உயிரிழந்தோர் பலர். உலகச் சந்தையில் மின்னியற் கருவிகளின் விலை தொடர்ந்து வீழ்ந்து கொண்டிருந்த காலம் அது. சோனிக்கும் சேகாவுக்கும் இடையே விலைப்போட்டி மூண்ட 1995ஆம் ஆண்டில், குடாநாட்டில் விலைமதிப்புள்ள பொருளாயிருந்தது வானொலியை இயக்கும் மின்கலமேயாகும்.

மூன்றாவது விலையாகிய இயக்கும் விலையின் வலிமையை இக்காலமே நன்கு காட்டுகின்றது. தொலைக்காட்சிப் பெட்டிகள் வீடுகளில் இருந்தன. மின்சாரமின்மையால் அவை வெறும் பெட்டிகளாயின. எவரேனும் அவற்றை இலவசமாகவே கொடுத்திருப்பினும் பயன் விளைந்திராது. ஆயினும் மக்கள் வாளாவிருக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தியைக் கேட்டனர். மண்ணெண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கி, தொலைக்காட்சிப் பெட்டி, டெக் ஆகிய மூன்றையும் சேர்த்து வாடகைக்கு எடுத்து, அயலார் காசு சேர்த்துப் படம் பார்த்தனர். கேள்வி அழியவில்லை, அது விற்பனையாக வெளிப்படும் வழி அடைபட்டிருந்தது. விற்பனை எண்ணிக்கையைக் கொண்டு மக்களின் விருப்பை அளப்போர் இக்காலத்துக் குடாநாட்டில் விருப்பே இல்லையென்று முடிபு செய்திருப்பர். அம்முடிபு எத்துணைப் பிழையானது என்பதற்கு அச்சைக்கிள்களே சான்று.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அடுத்த ஆண்டில் பலர் மீண்டு வந்தபோது வீடுகளில் கருவிகள் எஞ்சியிருந்தமை அரிது. அரச கட்டுப்பாட்டுக்குட்பட்ட குடாநாட்டுக்குப் பொருள்கள் கப்பலிலும் வானூர்தியிலுமே வந்தன. கொழும்பு விலையோடு கப்பற் கூலியும், ஏற்றியிறக்கும் கூலியும், காத்திருக்கும் காலத்தின் நட்டமும் சேர்ந்தே யாழ்ப்பாண விலையாயிற்று. வழியின் விலை ஆக்கியோனின் விலைக்குறைப்பை விழுங்கிய காலமாக இதனைக் கொள்ளலாம்.

2002ஆம் ஆண்டு இதற்கு மறுதலையானது. சனவரியில் தடை பெருமளவு நீக்கப்பட்டது. பெப்ரவரி 23ஆம் நாள் போர்நிறுத்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 8ஆம் நாள் ஏ-9 வீதி யாழ்ப்பாணம் வரை திறக்கப்பட்டது. பாரவூர்திகள் வந்தன. தொலைக்காட்சிப் பெட்டி, குறுவட்டு இயக்கி, குளிர்சாதனப் பெட்டி, இந்திய மோட்டார் சைக்கிள் என யாழ்ப்பாண நகரக் கடைகள் நிறைந்தன. உற்பத்தியாளர் எவரும் குடாநாட்டை எண்ணி விலையைக் குறைக்கவில்லை. ஒரு வீதி திறந்தமையால் விலை குறைந்தது. அவ்வீதியிலும் வழியின் விலை முற்றாக மறையவில்லை. ஓமந்தைக்கும் முகமாலைக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் விடுதலைப் புலிகள் பொருள்களுக்கு வரி அறவிட்டனர். இரு தரப்புச் சோதனைச் சாவடிகளிலும் காலம் கழிந்தது. அவ்வாறிருந்தும் விற்பனை பெருகியமைக்குப் பன்னிரண்டு ஆண்டு அடக்கப்பட்டிருந்த கேள்வியும், வெளிநாட்டிலிருந்து நேரில் வந்த உறவினரின் கைப்பணமும் காரணங்களாயின.

2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் நாள் முகமாலையில் போர் மூள, வீதி மீண்டும் அடைபட்டது. அரிசி, சீனி, பால்மா ஆகியவற்றின் விலை சில நாள்களிலேயே பன்மடங்காக உயர்ந்தது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகளின் முன் மக்கள் வரிசையில் நின்றனர். உணவுக்கு வரிசை நீளுமிடத்தில் பொழுதுபோக்குக் கருவியின் விலையைப் பற்றிப் பேசுவோர் இலர். வருமானத்தில் உணவு கொள்ளும் பங்கு பெருகுமிடத்து, ஏனைய பண்டங்களுக்கான கேள்வி அவற்றின் விலை எவ்வாறிருப்பினும் சுருங்கும் என்னும் உண்மை அங்கு அனுபவமாயிற்று.

போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. அடுத்த ஆண்டின் தொடக்கமளவில் வீதி பொதுமக்களுக்குத் தடையின்றித் திறந்தது. 2013ஆம் ஆண்டில் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகம் வரையான மின்வழி நிறைவுற, குடாநாடு தேசிய மின்வலையமைப்போடு மீள இணைந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. வழியின் விலையும் இயக்கும் விலையும் ஒருங்கே வீழ்ந்த அரிய காலம் இதுவாகும். கால் நூற்றாண்டின் பின் முதன்முறையாக, உலகச் சந்தையில் ஏற்படும் விலைக்குறைப்பு குடாநாட்டு வீட்டை ஏறத்தாழ முழுமையாக எட்டத் தொடங்கியது. வீடியோ விளையாட்டுப் பெட்டியைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பதா, அன்றிக் கணினி வாங்குவதா என்று ஒரு குடும்பம் தெரிவு செய்யும் நிலை தோன்றியது. பிற நாடுகளில் சாதாரணமான இத்தெரிவு, குடாநாட்டில் ஒரு வரலாற்றுப் பேறாகும்.

அப்பேறும் நெடிது நிலைக்கவில்லை. 2020ஆம் ஆண்டில் தொற்றுநோயை அடுத்து, அத்தியாவசியமற்றவை எனக் கருதப்பட்ட பொருள்கள் பலவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் சோனியின் ஐந்தாவது பெட்டி 499 டொலருக்கு வெளிவந்தபோது டொலரின் பெறுமதி ஏறக்குறைய 185 ரூபா. தீர்வையையும் கூலியையும் விடுத்துப் பார்ப்பின், அது 92,000 ரூபாவாகும். 2022ஆம் ஆண்டு மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டு, மே மாதமளவில் டொலர் 360 ரூபாவை எட்டியபோது அதே 499 டொலர் ஏறத்தாழ 180,000 ரூபாவாயிற்று. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஓகஸ்டில் சோனி நிறுவனமே பல நாடுகளில் அப்பெட்டியின் விலையை உயர்த்தியது. ஆக்கியோனின் விலை, வழியின் விலை, இயக்கும் விலை ஆகிய மூன்றும் ஒருசேர உயர்ந்தன. காலஞ் செல்லச் செல்லப் பெட்டியின் விலை குறையும் என்ற அத்தொழிலின் பழைய வழமையும் அத்துடன் ஆட்டங் கண்டது.

எனினும், 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்கும் முன்னைய நெருக்கடிகளுக்கும் இடையே வேறுபாடொன்றுண்டு. 1990களில் குடாநாடு ஏனைய இலங்கையினின்றும் பிரிந்து தனியே வருந்தியது. 2022ஆம் ஆண்டில் கொழும்பிலும் காலியிலும் இருந்தோரும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றனர், இருளில் இருந்தனர். தலைமுறையொன்று முழுவதும் மண்ணெண்ணெய் விளக்கோடு வாழ்ந்த குடாநாட்டு மூத்தோருக்கு அது புதிய அனுபவமாக இருந்திராது.

இதுவரை கூறியவற்றால் பெறப்படும் முடிபுகளைத் தொகுத்து நோக்கலாம். விலைக்குறைப்பு விற்பனையைப் பெருக்கும் என்னும் விதி பொய்யன்று. ஆயின், அவ்விதி குறிப்பிடும் விலை வாங்குபவன் வாசலில் நின்று கணக்கிடப்பட வேண்டிய விலையாகும். அவ்வாசலுக்கு வரும் வழி அடைபட்டிருக்குமாயின் ஆக்கியோனின் விலைக்குறைப்பு அவனைச் சேராது. வந்து சேரினும் மின்சாரமில்லையாயின் கருவி பயன்படாது. இரண்டும் இருப்பினும், கருவியைக் கொணர்ந்த அதே கொள்கை அவனது பயிரின் விலையை வீழ்த்துமாயின் அவன் வாங்க மாட்டான். இறுதியாக, விற்பனை குறைந்தமையை விருப்புக் குறைந்தமையாகக் கொள்வது பெருந்தவறாகும்.

பொருளியற் பாடநூல்கள் பெரும்பாலும் பாதைகள் திறந்திருக்கும் நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றில் வழி என்பது பேசப்பட வேண்டிய பொருளாகக் கருதப்படுவதில்லை. கிளாலியைக் கடந்தோருக்கும், டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டோருக்கும் அது முதலிற் பேசப்பட வேண்டிய பொருளாகும். அவர்களது அனுபவம் நமது விரிவுரை மண்டபங்களிற் கற்பிக்கப்படும் கேள்வி விதியின் விளக்கமாக இடம்பெறுதல் வேண்டும். யாழ்ப்பாணச் சந்தையின் விலைகளையும், அவ்விலைகள் ஏறியிறங்கிய நாள்களையும், அந்நாள்களில் வீதி திறந்திருந்ததா அடைபட்டிருந்ததா என்பதையும், அவற்றை நேரில் அறிந்த வணிகரும் மூத்தோரும் நம்மிடையே உள்ளபோதே தொகுத்து வைத்தல் இன்றைய மாணவர் முன்னுள்ள பணியாகும்.